யாருடைய எடைக்கு இந்த அளவு?

சில மாதங்களுக்கு முன்பு, புறநோயாளிகள் பிரிவில் ஒரு பிற்பகல் நேரம். பேச்சு வளர்ச்சித் தாமதத்திற்காகத் தம் நான்கு வயது மகனை என்னிடம் தொடர்ந்து காட்டிவரும் ஒரு தந்தை, பரிசோதனை முடிந்த பின்பும் வெளியே செல்லாமல் நின்றார். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமீது விரித்தார். தம் வீட்டுக் கிணற்று நீரைத் தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றில் பணம் கட்டிச் சோதித்துப் பெற்ற அறிக்கை அது. அவருடைய வீடு நெல்வயலை ஒட்டியிருக்கிறது. முந்தைய ஆண்டு கூடுதலாக ஓர் அறை கட்டியபோது, கரையான் வராமலிருக்க அடித்தளத்தில் மருந்து ஊற்றியிருக்கிறார்கள். அந்த அறைக்கும் கிணற்றுக்கும் இடையே பதினைந்தடிகூட இல்லை. அவருடைய மனைவி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

அறிக்கையில் ஒரு வரியின் கீழ்ப் பேனாவால் கோடிட்டிருந்தார். குளோர்பைரிபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி, லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். அனுமதிக்கப்பட்ட அளவு, 30 மைக்ரோகிராம். கடைசிக் கட்டத்தில், "அளவுக்குள் உள்ளது" என்ற முடிவு.

"அளவுக்குள்ளதான் இருக்குன்னு போட்டிருக்காங்க சார். அப்ப வீட்ல எல்லாரும் குடிக்கலாம்ல?" என்று கேட்டார்.

வெளியே இன்னும் இருபது பேர் காத்திருந்தனர். எண்ணைப் பார்த்தேன், பதினைந்தில் ஒரு பங்குதான் இருந்தது. "தாராளமாகக் குடிக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்றிரவு அந்தப் பதில் என்னை உறுத்தியது. குழந்தைகளின் நரம்பு மண்டலம் பற்றிப் படித்துப் பட்டம் பெற்றவன் நான். ஆயினும், அந்த 30 என்ற எண் எங்கிருந்து வந்தது, யாருடைய உடலை மனத்திற்கொண்டு கணக்கிடப்பட்டது என்று ஒருமுறைகூட நான் தேடிப் பார்த்ததில்லை. அறியாத ஒன்றை உறுதியாகச் சொல்லியிருந்தேன். அதன்பின் நான் படித்தறிந்தவற்றையும், அவற்றிலிருந்து எனக்கு உண்டான கருத்தையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

மருந்தும் நஞ்சும்

குளோர்பைரிபாஸ் 1965ஆம் ஆண்டு முதல் உலகச் சந்தையில் இருந்துவரும் பூச்சிக்கொல்லி. கரிமப் பாஸ்பரஸ் வகையைச் சேர்ந்தது. நம் ஊர்களில் நெல், பருத்தி போன்ற பயிர்களுக்குத் தெளிக்கிறார்கள். கட்டடங்களில் கரையான் தடுப்புக்கும் ஊற்றுகிறார்கள். உழவர்கள் இதை "மருந்து" என்றே அழைப்பர். கடையில் கேட்பதும் அந்தப் பெயரால்தான்.

இது பூச்சியைக் கொல்லும் வழி, நம் உடலிலும் உள்ள ஒரு வழியே. நரம்பிலிருந்து தசைக்கும் மற்றொரு நரம்புக்கும் செய்தி கொண்டுசெல்லும் அசிட்டைல்கோலின் என்ற பொருள், வேலை முடிந்ததும் உடனே சிதைக்கப்பட வேண்டும். அதைச் சிதைக்கும் நொதியைக் குளோர்பைரிபாஸ் முடக்கிவிடுகிறது. பெருமளவில் உடலுக்குள் சென்றால் எச்சில் பெருகும், வியர்வை கொட்டும், கண்மணி சுருங்கும், மூச்சுவிட இயலாது போகும். தீவிர சிகிச்சைப் பிரிவில் அட்ரோபின் செலுத்தி நாங்கள் போராடுவது இந்த நிலையோடுதான்.

அந்த நிலை எவர் கண்ணுக்கும் தெரியும். நான் இங்கே பேச விரும்புவது கண்ணுக்குத் தெரியாத மற்றொன்றை. எந்த அறிகுறியும் காட்டாத மிகச் சிறிய அளவில், கருவிலும் மழலைப் பருவத்திலும் இந்த நஞ்சு மூளையைத் தொட்டால் என்னவாகும்?

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் இருந்த குளோர்பைரிபாஸ் அளவைப் பதிவுசெய்து, அக்குழந்தைகள் ஏழு வயதை எட்டும்வரை பின்தொடர்ந்தனர். 2011இல் வெளியான அந்த ஆய்வில் 265 குழந்தைகள் இடம்பெற்றனர். பிறக்கும்போது இரத்தத்தில் இந்த நஞ்சு கூடுதலாக இருந்த குழந்தைகளுக்கு, நினைவில் இருத்திச் செயல்படும் திறனும் நுண்ணறிவு மதிப்பெண்ணும் சற்றுக் குறைவாக இருந்தன. அந்தத் தாய்மார்கள் எவரும் நஞ்சுண்டு மருத்துவமனைக்கு வந்தவர்கள் அல்லர். அடுக்குமாடி வீடுகளில் கரப்பான்பூச்சிக்கு மருந்தடித்த காலத்தில் அங்கே வாழ்ந்தவர்கள், அவ்வளவே.

இத்தகைய ஆய்வு ஒன்றினால் மட்டும் காரணம் ஐயமற நிறுவப்படுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வேறு பல காரணங்களும் ஒரு குழந்தையின் அறிவு வளர்ச்சியைத் தீர்மானிக்கின்றன. ஆனால் ஐயம் எழுந்துள்ள இடத்தில், அந்த ஐயத்தின் சுமையைத் தாங்க வேண்டியது தொழிற்சாலையா, தொட்டிலா என்பதே கேள்வி.

30 என்ற எண் பிறந்த கதை

இனி அந்த எண்ணுக்கு வருவோம். கணக்கு எளிது; வீட்டில் எவரும் போட்டுப் பார்க்கலாம்.

விலங்குகளுக்கு ஒரு நஞ்சைப் பல அளவுகளில் கொடுத்து, எந்த அளவுவரை தீங்கு தென்படவில்லை என்று பார்ப்பார்கள். குளோர்பைரிபாஸைப் பொறுத்தவரை, மூளையிலுள்ள அந்த நொதி முடங்காத அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் எனக் கொள்ளப்பட்டது. விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்காகப் பத்தால் வகுப்பர்; மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்காக மீண்டும் பத்தால் வகுப்பர். ஆக நூறில் ஒரு பங்கு, அதாவது கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். இதுவே நாள்தோறும் உட்கொள்ளத்தக்க அளவு என உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டிய வல்லுநர் குழு 1999இல் கணித்தது.

அடுத்து, ஒருவரின் எடை 60 கிலோ என வைத்துக்கொள்கிறார்கள். அவருக்கு ஒரு நாளைக்கு 600 மைக்ரோகிராம். இதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் தண்ணீர் வழியாக வரலாம் என்று ஒதுக்குகிறார்கள். அது 60 மைக்ரோகிராம். அவர் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் குடிப்பார் என்று கொண்டால், லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு இதுவே. 2012ஆம் ஆண்டின் இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500இலும் இதே எண்தான் இருக்கிறது. அந்தத் தந்தையின் தாளில் அச்சாகியிருந்ததும் இதுவே.

என் புறநோயாளிகள் பிரிவில் 60 கிலோ எடையுள்ள நோயாளி எவரும் இல்லை. ஐந்து கிலோ எடையுள்ள கைக்குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் போதாமல் பால்மாவு கரைத்துக் கொடுக்கும் வீட்டில் அக்குழந்தை நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் தண்ணீர் குடித்துவிடும். 30 மைக்ரோகிராம் வீதம் அதன் உடலுக்குள் செல்வது 22.5 மைக்ரோகிராம், கிலோவுக்கு 4.5. பெரியவருக்குக் கிலோவுக்கு 1 மட்டுமே. ஒரே குழாய், ஒரே தண்ணீர். குழந்தைக்கு நாலரை மடங்கு சுமை. மேலும், இந்த நஞ்சைச் செயலிழக்கச் செய்யும் நொதி பிறந்த குழந்தையின் இரத்தத்தில் பெரியவர்களைவிடக் குறைவாகவே இருக்கும். சுமை மிகுதி, அதைத் தாங்கும் திறனோ குறைவு.

இன்னொன்றையும் அறிந்தபோது நான் நெடுநேரம் யோசித்தேன். அந்த நாளளவைக் கணிக்க விலங்கு ஆய்வுகளோடு மனிதர்மீது நடத்திய ஆய்வு ஒன்றும் சான்றாகக் கொள்ளப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலச் சிறை ஒன்றில், 16 ஆண் கைதிகளை நான்கு குழுக்களாகப் பிரித்து இந்த நஞ்சைக் கொடுத்துப் பார்த்தார்கள். மிகுதியான அளவு பெற்றவர்கள் நான்கே பேர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது ஒன்பதே நாட்கள். அந்த ஆய்வின் தரவுகளில் ஒரு பகுதி கணக்கிலிருந்து விடுபட்டிருந்ததை, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லியான் ஷெப்பர்டும் அவருடைய குழுவினரும் 2020இல் எடுத்துக்காட்டினர். வளர்ந்த ஆண்களின் ஒன்பது நாள் அனுபவத்திற்கும், கருவில் ஒன்பது மாதம் உருவாகும் மூளைக்கும் என்ன தொடர்பு?

எண்கள் அசையாதவை அல்ல

பாதுகாப்பு அளவு என்றதும், நீரின் கொதிநிலையைப் போல இயற்கை வகுத்த எல்லை என நாம் எண்ணிவிடுகிறோம். அது மனிதர்கள் ஓர் அறையில் அமர்ந்து எடுத்த முடிவு. முடிவுகள் மாறும்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2014இல் இந்த நஞ்சுக்கான நாளளவைக் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் எனக் குறைத்தது. அதாவது முந்தைய அளவில் பத்தில் ஒன்று. 2019இல் ஒரு படி மேலே சென்று, மரபணுவுக்கு ஏற்படக்கூடிய தீங்கு குறித்த ஐயம் தீராத நிலையிலும், வளரும் மூளைக்கான ஆபத்து தெரியவந்துள்ள நிலையிலும், பாதுகாப்பானது என்று எந்த அளவையும் நிர்ணயிக்க இயலாது என அறிவித்தது. 2020 சனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. உணவில் இருக்கலாம் என்று முன்பு வகுத்த அளவுகளும், கருவியால் உறுதியாக அளந்தறியக்கூடிய மிகக் குறைந்த அளவான கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வரை இறக்கப்பட்டன.

அமெரிக்காவின் கதை வேறு. குழந்தைகளுக்கென்று கூடுதலாகப் பத்து மடங்கு பாதுகாப்பு வேண்டும் என்று 1996இலேயே அங்கே சட்டம் வந்தது. 2000இல் வீட்டு உபயோகத்திலிருந்து குளோர்பைரிபாஸை விலக்க ஏற்பாடு செய்தார்கள். உணவிலிருந்தும் விலக்க 2015இல் முன்மொழிந்தார்கள். 2017இல் ஆட்சி மாறியதும் அதைக் கைவிட்டார்கள். நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2021இல் உணவுக்கான அளவுகள் அனைத்தையும் நீக்கினார்கள். 2023இல் வேறொரு நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. 2024 திசம்பரில், பதினொரு பயிர்களைத் தவிர மற்றவற்றுக்கு விலக்கலாம் என்று புதிய முன்மொழிவு வந்தது. இத்தனை ஆண்டுகளிலும் குழந்தையின் மூளை மாறவில்லை. நஞ்சின் தன்மையும் மாறவில்லை. ஆட்சியும் வழக்கும் மாற மாற, பாதுகாப்பு என்பதன் பொருள்தான் மாறிக்கொண்டே இருந்தது.

உலக அளவில், நிலைத்து நிற்கும் கரிம மாசுகளை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் நீக்கப் பட்டியலில், சில விலக்குகளோடு, 2025 மே மாதம் குளோர்பைரிபாஸ் சேர்க்கப்பட்டது. நம் நாட்டில், 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ய 2020 மே மாதம் மத்திய அரசு வெளியிட்ட வரைவு ஆணையில் இதன் பெயரும் இருந்தது. 2023இல் இறுதி ஆணை வந்தபோது முழுத்தடை பெற்ற சிலவற்றுள் இது இல்லை. உயிரிழப்புகளைத் தடுக்கும் நோக்கில் தமிழ்நாடு அரசு, குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளை 60 நாட்களுக்குத் தடை செய்தது நினைவிருக்கலாம். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநில அரசுக்குத் தரும் அதிகாரம் ஏறத்தாழ அவ்வளவுதான். நிலையான தடைக்கு தில்லியைத்தான் நோக்க வேண்டும்.

புட்டிக்கு ஒரு நீதி, குழாய்க்கு ஒரு நீதி

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது வேறொரு செய்தி. அது நம் நாட்டுக்கே உரியது.

2003 பிப்ரவரியில், தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், விற்பனையிலுள்ள புட்டிநீரில் பூச்சிக்கொல்லி எச்சங்கள் இருப்பதாக ஆய்வறிக்கை வெளியிட்டது. கண்டறியப்பட்டவற்றுள் குளோர்பைரிபாஸும் ஒன்று. நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. அதுவரை புட்டிநீரில் பூச்சிக்கொல்லி "கண்டறிய இயலாத அளவில்" இருக்க வேண்டும் என்றுதான் விதி. சோதனை முறையோ கூர்மையற்றது. அதனால் எதுவும் கண்டறியப்படவில்லை! அதே ஆண்டு ஆகஸ்டில் குளிர்பானங்கள் பற்றிய அறிக்கையும் வந்தது. நாடாளுமன்றக் கூட்டுக்குழு அமைக்கப்பட்டது. 2004 பிப்ரவரியில் அக்குழு, அந்த ஆய்வின் முடிவுகள் சரியே என்று அறிக்கை அளித்தது.

விளைவாக, புட்டிநீருக்கு ஐரோப்பியத் தரம் வந்தது. எந்தப் பூச்சிக்கொல்லியானாலும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது. எல்லாம் சேர்ந்து 0.5ஐத் தாண்டக்கூடாது. 2004 சனவரி முதல் இது நடைமுறைக்கு வந்தது. நல்லதே.

ஆனால் குழாய்நீருக்கும் கிணற்றுநீருக்கும் நாம் வைத்துக்கொள்ளும் தரத்தில் குளோர்பைரிபாஸுக்கு இன்றும் 30. புட்டிக்கு 0.1. இடைவெளி முந்நூறு மடங்கு. அந்தத் தந்தையின் கிணற்றில் இருந்த 2 மைக்ரோகிராம், குழாய்நீர்த் தரப்படி "அளவுக்குள்". அதே நீரைப் புட்டியில் அடைத்து விற்றால், அனுமதித்த அளவைப்போல் இருபது மடங்கு என்று சொல்லிக் கடையிலிருந்து அகற்ற வேண்டும். காசு கொடுத்து வாங்குபவரின் மூளைக்கும், கிணற்றில் இறைத்துக் குடிப்பவரின் மூளைக்கும் மருத்துவ நூல்களில் நான் வேறுபாடு படித்ததில்லை.

மறுப்புகளுக்கு மதிப்பளித்து

இதற்கு மறுப்பு உண்டு. அதில் நியாயமும் உண்டு. 0.1 என்ற ஐரோப்பிய எண் நச்சியல் கணக்கில் பிறந்ததன்று. குடிநீரில் பூச்சிக்கொல்லியே இருக்கக்கூடாது என்ற கொள்கைப்படி, 1980இல் அக்காலக் கருவிகள் அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவையொட்டி வைத்த எண் அது. எனவே 0.1ஐத் தாண்டினாலே நோய் வரும் என்று எவரும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த முன்னெச்சரிக்கை புட்டிநீருக்குத் தேவை என்று ஏற்றுக்கொண்ட பிறகு, ஊர்க்கிணற்றுக்கு மட்டும் தேவையில்லை என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

குளோர்பைரிபாஸ் மண்ணில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. நீரில் எளிதில் கரையாது. ஆகவே நம் குழாய்களில் எல்லாம் 30 மைக்ரோகிராம் ஓடுகிறது என்று யாரும் அஞ்ச வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் இதைவிடக் கிருமிகளும் ஃபுளோரைடும் நைட்ரேட்டுமே பெரிய கவலை. என் முறையீடு தண்ணீரைப் பற்றியது மட்டுமன்று. "அளவுக்குள்" என்ற சொல் நமக்குக் கொடுக்கும் பொய்யான நிம்மதியைப் பற்றியது.

மூன்றாவது மறுப்பு உழவர் சார்பானது. மருந்தைத் தடுத்தால் விளைச்சல் என்னாவது என்பர். தெளிப்பானைத் தோளில் சுமந்து, கையுறையும் முகக்கவசமும் இன்றி, வெயிலில் அந்த நஞ்சை முதலில் சுவாசிப்பவர் உழவரும் கூலித் தொழிலாளியுமே. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அறமன்று. விளக்குப்பொறி, இனக்கவர்ச்சிப் பொறி, டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி, வேம்புப் பொருட்கள் ஆகியவற்றை வேளாண் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகப் பரிந்துரைத்து வருகிறது. அவை உரிய நேரத்தில், உரிய விலையில் ஊருக்குள் கிடைக்க வேண்டும். அது அரசின் பொறுப்பு.

நான் கேட்பவை மூன்று

முதலாவது, குழாய்நீருக்கும் புட்டிநீருக்கும் பூச்சிக்கொல்லி அளவு ஒன்றாக இருக்க வேண்டும். முந்நூறு மடங்கு இடைவெளிக்கு விளக்கம் சொல்ல இயலாதெனில், அதை நீக்க வேண்டும்.

இரண்டாவது, உணவுக்கும் நீருக்கும் வகுக்கும் அளவுகளைக் கைக்குழந்தையின் எடையையும் கருவிலுள்ள சிசுவையும் முன்னிறுத்திக் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு நஞ்சையும் தனித்தனியே எடைபோடுவதும் போதாது. ஒரே நொதியை முடக்கும் கரிமப் பாஸ்பரஸ் மருந்துகள் பல; கத்தரிக்காயில் ஒன்று, அரிசியில் ஒன்று, தண்ணீரில் ஒன்று என வருபவை உடலுக்குள் ஒன்றாகவே சேர்கின்றன.

மூன்றாவது, ஊர்களில் வழக்கமாகச் செய்யும் நீர்ச் சோதனையில் பூச்சிக்கொல்லியும் இடம்பெற வேண்டும். முடிவை ஊராட்சி அலுவலகத்தின் சுவரில் ஒட்ட வேண்டும். அந்தத் தந்தை தம் கைக்காசைச் செலவிட்டு அறிந்துகொள்ள நேர்ந்தது ஒரு குடியரசுக்குப் பெருமை தருவதன்று.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

காய்கறி, பழங்களைக் குறைக்காதீர்கள். அவற்றால் விளையும் நன்மை, எச்சத்தால் வரக்கூடிய தீங்கைவிடப் பெரிது. ஓடும் நீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைக்கோசின் வெளி இலைகளை அகற்றுங்கள். தோல் சீவத்தக்கவற்றைச் சீவுங்கள். சோப்பு வேண்டாம். கழுவினால் மேற்பரப்பில் உள்ளதில் ஒரு பகுதி போகும், முழுவதும் போகாது.

தண்ணீரைக் கொதிக்க வைப்பது கிருமிக்கு மருந்து. பூச்சிக்கொல்லிக்கு அதை நம்ப முடியாது. செயலூட்டிய கரி அடங்கிய வடிகட்டி இவ்வகை நஞ்சுகளைப் பெருமளவு ஈர்த்துக்கொள்ளும். ஆனால் கரியை உரிய காலத்தில் மாற்ற வேண்டும்.

கரையான் மருந்து ஊற்றும் வேலையைக் கிணற்றுக்கும் ஆழ்துளைக் குழாய்க்கும் அருகில் செய்யவிடாதீர்கள். அந்நாட்களில் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வேறு வீட்டில் தங்கட்டும். வயலில் மருந்தடித்தவர் குளித்து உடை மாற்றிய பின்பே குழந்தையைத் தூக்க வேண்டும். அந்தத் துணிகளைத் தனியே துவைக்க வேண்டும். மருந்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். காலியான டப்பாவில் தண்ணீர் பிடிக்காதீர்கள்.

தவறுதலாக உடலில் பட்டாலோ விழுங்கிவிட்டாலோ, உடைகளைக் களைந்து சோப்பும் நீரும் கொண்டு தோலைக் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்; மருந்து டப்பாவையும் மறவாமல் கொண்டு வாருங்கள்.

அந்தக் குடும்பம்

மறுநாள் காலையே அந்தத் தந்தையைத் தொலைபேசியில் அழைத்தேன். "நேற்று நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன்" என்று தொடங்கினேன். அவருடைய கிணற்று நீரால் உடனடி ஆபத்து இல்லை என்பதையும், ஆயினும் கர்ப்பிணியும் குழந்தையும் அதைக் குடிக்க வேண்டாம் என்பதையும் விளக்கினேன். சில மாதங்களுக்குப் பிறகு மீண்டும் சோதித்துப் பார்க்கச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்:

"பெரியவனுக்குப் பேச்சு வராததுக்கும் இதுதான் காரணமா சார்?"

பெற்றோர் பலர் மனத்திற்குள் சுமக்கும் கேள்வி இது. "தெரியாது" என்பதே உண்மையான விடை. ஒரு தனிக் குழந்தையைச் சுட்டி, இதற்கு இந்த நஞ்சுதான் காரணம் என்று சொல்லும் பரிசோதனை எதுவும் மருத்துவத்தில் இல்லை. பேச்சுத் தாமதத்திற்குக் காரணங்கள் பல. அந்த அறையைக் கட்டும் முன்பே அவனுக்குத் தாமதம் தொடங்கியிருந்தது என்பதை நினைவூட்டினேன். "நீங்கள் எதுவும் தவறு செய்யவில்லை" என்றும் சொன்னேன். இதைப் படிக்கும் ஒவ்வொரு பெற்றோருக்கும் அதையே சொல்ல விரும்புகிறேன். அளவை வகுத்தவர்கள் நீங்கள் அல்லர்.

இப்போது அவர்கள் இரண்டு தெரு தள்ளியுள்ள பொதுக்குழாயிலிருந்து குடிநீர் எடுத்து வருகிறார்கள். பெண் குழந்தை பிறந்திருக்கிறது, நலமாக இருக்கிறாள். மகன் பேச்சுப் பயிற்சிக்குத் தவறாமல் வருகிறான். சென்ற முறை என்னைப் பார்த்து, "டாக்டர், டாட்டா" என்றான்.

உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. அந்தத் தந்தை இம்முறை தம் அறிக்கையோடு அங்கே செல்லப்போவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் ஊர்ச் சபையில் நீங்களும் எழுந்து, நம் குடிநீரில் பூச்சிக்கொல்லி சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். "அளவுக்குள்தான் இருக்கிறது" என்று பதில் வந்தால், அது யாருடைய எடைக்கு வகுத்த அளவு என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.